நீலவேணி சட்டை மாற்றிய நாள்

திண்டுக்கல் ஜில்லாவிலேயே, சிலந்திக்கு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டுத் தான் வேர்வையில் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் எங்கள் கண்ணாடி பாய்தான். வேறு யாராவது அப்படி இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த ஆளை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

பாய்க்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ரோட்டில் யாருக்கும் அது தெரியாது. கடை போர்டிலேயே ‘கண்ணாடி’ என்று ஒற்றைச் சொல்தான். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி, படத்துக்கு ஃபிரேம் எல்லாம் அதற்குள் அடக்கம். பழனி முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் யாரோ ஒருவருடைய மாமனாரும் ஒரே சுவரில் சாய்ந்துகொண்டு ஃபிரேமுக்காகக் காத்திருப்பார்கள்.

அதே கட்டடத்தின் மாடியில், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடையில் நான் வேலை பார்த்தேன். கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான். பாய்க்கு எதையாவது டைப் அடிக்க வேண்டுமென்றால் கீழேயிருந்து குரல் வரும்.

“ஏம்மா ஸ்டெல்லா, செத்த கீழ வந்துட்டுப் போ.”

பாய் ஆளைப் பார்த்துப் பேச மாட்டார். ஆளுக்குப் பின்னால் எது கோணலாக இருக்கிறதோ அதைப் பார்த்துப் பேசுவார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் ஹேண்ட்பேக்கில் ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கர் இரண்டு மில்லிமீட்டர் இடது பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். வீட்டுக்குப் போய் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இரண்டேதான்.

இப்படிப்பட்டவரிடம் ஒருநாள் ஒரு பல் டாக்டர் வந்து கண்ணாடிப் பெட்டி கேட்டார்.

“மீன் தொட்டிதானே சார்?” என்றார் பாய்.

“மீன் இல்ல பாய். தண்ணியே ஊத்தப் போறதில்ல. ரெண்டு பக்கமும் காத்துப் போக சின்னச் சின்னதா ஓட்டை வேணும். மூடி இறுக்கமா இருக்கணும்.”

“மூடி எதுக்கு சார்? உள்ள இருக்குறது வெளிய வருமா?”

“வரும்.”

பாய் அளவு டேப்பைக் கீழே வைத்தார். முதன்முறையாக ஒரு வாடிக்கையாளரின் முகத்தை நேராகப் பார்த்தார். “என்னா சார் அது?”

“டரான்டுலா. சிலந்திதான். உள்ளங்கை அகலம் இருக்கும். வீட்டுல வளக்குறேன்.”

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கக் காலையில் பத்து மணிக்குப் போன பாய், மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்பி வந்தார். அதற்குள் அவர் மனைவி ரஷீதாக்கா எனக்கு மூன்று தடவை போன் செய்து, “ஸ்டெல்லா, அவுக பல்லப் புடுங்கிக்கிட்டாகளா?” என்று விசாரித்துவிட்டார். பல்லெல்லாம் பத்திரமாக இருந்தது. பாய்தான் வேறு ஆளாக வந்திருந்தார்.

“இம்புட்டு வருசமாக் கண்ணாடி அறுக்குறேன். உள்ள வைக்கிறதுக்கு இப்புடி ஒரு சாமான் இருக்குன்னு எவனும் எங்கிட்டச் சொல்லலயே,” என்றார். உலகத்தின் மேலேயே அவருக்கு வருத்தம்.

அடுத்த மாதம் அவரே ஒன்று வாங்கினார். கறுப்பாக, கட்டை விரல் அளவில் ஒன்று கூரியர் டப்பாவில் வந்தது. அதைப் பெட்டியில் விட்டார். அது சுற்றுமுற்றும் பார்த்தது. எங்கள் ரோடு பிடிக்கவில்லை போலிருக்கிறது, மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனது. போனது போனதுதான்.

அதற்கு மேல் நான்கு மாதம் நாங்கள் மண்ணைத்தான் பார்த்தோம். சித்திரை வெயிலில் அதற்குச் சூடு தாங்காது என்று ஃபேனைத் திருப்பி வைத்தது அப்போதுதான். படம் ஃபிரேம் போட வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, “எங்க பாய்?” என்பார்கள். “உள்ள இருக்கு” என்பார் பாய். “பாய் மண்ணு வளக்குறாரு” என்று ரோடு முழுக்கப் பேச்சானது. செம்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி உண்மையாகவே அதைக் கையில் எடுக்கப் பார்த்து, “நல்ல மண்ணு பாய், கத்திரி வச்சா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரஷீதாக்கா ஒருநாள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “இதுல ரோசாக் குச்சியையாவது நட்டு வச்சிருந்தா இந்நேரம் ரெண்டு பூ பூத்துருக்கும்.”

அன்று பாய் ஒரு முடிவுக்கு வந்தார். அந்தக் கறுப்புச் சிலந்தியைப் பல் டாக்டரிடமே சேர்த்தார். டாக்டருக்குப் பொறுமை அதிகம். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஸ்டெல்லா, ஷோகேஸுன்னா என்னா?”

“சாமான் வைக்கிறது பாய்.”

“காட்டுறது. உள்ள இருக்குறது ஒளிஞ்சிக்கிட்டா அது ஷோகேஸு இல்ல, பீரோ. எனக்குப் பீரோ வேண்டாம். பகல்ல வெளிய வரணும், ஏதாவது ஒரு சோலி பாத்துக்கிட்டே இருக்கணும். அப்புடி ஒண்ண நான் கண்டுபுடிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல நீ அடி.”

எடுக்கப் போகும் சிலந்திக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று அவர் சொல்ல, நான் டைப் அடித்தேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது எல்லாமே கல்யாணப் பத்திரிகைக்கான டிசைன்தான். அதனால் மஞ்சள் அட்டையில், தங்க நிற பார்டரும் இரண்டு பக்கம் குத்துவிளக்குமாகத்தான் அது வந்தது. பகலில் வெளியே இருக்க வேண்டும். நிறம் இருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கடிக்க வரக் கூடாது. திண்டுக்கல் வெயிலைத் தாங்க வேண்டும். பெண்ணாக இருக்க வேண்டும்.

கேரியரோடு வந்து அதை வாசித்த ரஷீதாக்கா கடைசி வரியில் நின்றார். “அது என்னா பொண்ணுதான் வேணும்?”

“ஆம்பளச் சிலந்தி வயசுக்கு வந்து கொஞ்ச நாள்ல போயிரும் ரஷீதா. பொம்பளயின்னா பத்துப் பதினஞ்சு வருசம் இருக்கும்.”

“எங்கிட்டும் அப்புடித்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அக்கா கேரியரைத் திறந்தார்.

பாயின் தேடல் மூன்று மாதம் நடந்தது. பெங்களூரில் சிலந்தி வளர்த்து விற்கும் ஒரு தம்பிக்கு அவர் தினமும் போன் செய்தார். அந்தத் தம்பி முதலில் மரத்தில் வாழும் சாதி ஒன்றைச் சொன்னான். அழகு, ஆனால் மூடியைத் திறந்தால் மின்னல் மாதிரி கை மேல் ஏறிவிடும், கடித்தால் ஒரு வாரம் வலிக்கும் என்றான். “எனக்குக் கை வேணும் தம்பி, கண்ணாடி அறுக்கணும்” என்று பாய் மறுத்தார். அடுத்து, ரொம்பச் சாதுவான ஒன்றைச் சொன்னான். வைத்த இடத்தில் வைத்தபடி இருக்குமாம். “அதுக்கு நான் பேப்பர் வெயிட்டு வாங்கிக்குவேனே” என்றார் பாய்.

இந்தச் செய்தி பரவி, சிறுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் பெயிண்ட் டப்பாவில் காட்டுச் சிலந்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பாய் டப்பாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “அது அதோட வீட்டுல இருந்துருக்கு. எந்த மரத்துல புடிச்ச?” என்று கேட்டார். கடையை அப்படியே என்னிடம் விட்டுவிட்டு, அந்த ஆளை வண்டியில் பின்னால் உட்கார வைத்து, டப்பாவை அவர் மடியில் வைத்து, மலைக்கே போய் அதே மரத்தில் விட்டுவிட்டுத்தான் பாய் திரும்பினார். அன்று மத்தியானம் ஒரு மாமனார் படத்துக்கு நான்தான் ஆணி அடித்தேன். கோணலாக அடித்தேன். பாய் வந்ததும் பிடுங்கி மறுபடி அடித்தார்.

கடைசியில் அந்தத் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். நீலக் கால்கள், பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு. தென் அமெரிக்காவில் முள்ளுக்காட்டில் வாழ்கிறதாம். மண்ணுக்குள் போய் ஒளியாமல் வெளியே வலை பின்னிக்கொண்டே இருக்குமாம். மழை ஆகாது, வெயில்தான் பிடிக்கும் என்றான்.

“என்னா வெயிலு?” என்றார் பாய்.

“காஞ்ச வெயிலு பாய். சுத்தி முள்ளு மரம்தான் இருக்கும். மழ எப்பவாவதுதான் பெய்யும்.”

பாய் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. “ஸ்டெல்லா, இது நம்மூரு சிலந்திம்மா. தெரியாம அங்கிட்டுப் போய்ப் பொறந்துருக்கு.”

பண்ணையில் பிறந்த பெண் சிலந்தி, காகிதங்களோடு வந்தது. வெளிநாட்டு உயிரினம் வளர்த்தால் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்பதால் ஆன்லைன் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். பெயர் வைக்கும் உரிமையையும் எனக்கே கொடுத்தார். நீல நிறம் என்பதால் நீலவேணி என்று வைத்தேன். வேணி எங்கே இருக்கிறது என்று ரஷீதாக்கா கேட்டார். உடம்பெல்லாம் முடிதானே அக்கா என்றேன்.

நீலவேணிக்கு வீடு கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். வெயிலில் இரண்டு நாள் காயவைத்த மண். அதன் மேல் ஒரு கருவேலங்குச்சி, பூச்சி மருந்து படாத இடத்தில் வெட்டியது. தண்ணீர் குடிக்கப் பாட்டில் மூடி. பெட்டி உயரமாக இருந்தால் மேலே ஏறி விழுந்து வயிறு வெடித்துவிடும் என்று உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினார். பெங்களூர்த் தம்பி, சூட்டுக்காக ஒரு விளக்கு போடுங்கள் என்றான். “திண்டுக்கல்லுல வெயிலுக்குத் தனியா லைட்டு போட்டா ஊருல சிரிப்பாக தம்பி” என்றார் பாய்.

அவள் வந்து ஒரே வாரத்தில் பெட்டி முழுவதும் வலையால் நிறைந்துவிட்டது. குச்சியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மூலைக்கு, மூலையிலிருந்து மறுபடி குச்சிக்கு. வெள்ளைத் துணிக்குள் நீலக் கால்களோடு அவள் நடந்து வருவதைப் பார்க்க ரோட்டில் வண்டிகள் நின்றன. எனக்குச் சிலந்தி என்றால் சிறு வயதிலிருந்தே பயம். முதல் மூன்று வாரம் மாடிப்படியின் ஐந்தாவது படியில் நின்றுதான் பார்த்தேன். பிறகு நான்காவது படிக்கு வந்தேன்.

யாரும் தொடக் கூடாது என்பது பாயின் சட்டம். ஒரு கட்சிப் பிரமுகர் கையில் வைத்துப் போட்டோ எடுக்கக் கேட்டார். “இது பாக்குறதுக்கு சார், புடிக்கிறதுக்கு இல்ல. விழுந்தா அதுக்கு ஆபத்து, பயந்தா உங்களுக்கு ஆபத்து” என்று பாய் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார். சட்டம் போட்டவரே ஒருநாள் தண்ணீர் மூடியை மாற்றக் கையை விட்டார். அவள் கடிக்கவில்லை. திரும்பி நின்று பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து முடியை உதிர்த்துவிட்டாள். இரண்டு நாள் பாய் முழங்கை வரை சொறிந்துகொண்டே கண்ணாடி அறுத்தார். அவர் வாழ்க்கையில் கோணலாக அறுத்த ஒரே கண்ணாடி அன்று அறுத்ததுதான். அதையும் விற்கவில்லை, “எம் மேல தப்பு, அவ மேல இல்ல” என்று கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

வில்லங்கம் நீலவேணியால் வரவில்லை. அவள் சாப்பாட்டால் வந்தது.

அவளுக்கு உயிரோடு பூச்சி வேண்டும். வீட்டுக் கரப்பான் ஆகாது, எங்கே மருந்தைத் தின்றிருக்குமோ. அதனால் பாய் முட்டை அட்டைகளை அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சுவர்க்கோழிப் பூச்சி வளர்த்தார். அவை ராகம் பாடின. பாடுவதோடு நிற்காமல் குதித்தன. குதித்தவற்றில் சில, பக்கத்துக் கடைக்குப் போயின.

பக்கத்துக் கடை மாணிக்கம் அண்ணனின் மெஸ். அண்ணன் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கோபம் தலைக்கேறினாலும் ‘ங்க’ போடாமல் பேசத் தெரியாதவர். ஒரு மத்தியானம், பந்தியில் உட்கார்ந்திருந்தவரின் இலையில், வெஞ்சனத்துக்கும் அப்பளத்துக்கும் நடுவில் ஒரு பூச்சி வந்து குதித்து நின்று பாடியது. அண்ணன் அதை ஒரு டம்ளரில் மூடிக்கொண்டு நேராகப் பாய் கடைக்கு வந்தார்.

“ஏனுங்க பாய், இது உங்க பூச்சிங்களா?”

பாய் டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். “ஆமா மாணிக்கம். இது பெருசாச்சே, ரெண்டு நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன்.”

“கஸ்டமரு எந்திரிச்சுப் போயிட்டாருங்க. இன்னொருக்கா வந்துச்சுன்னா உங்க பூச்சியவும் சிலந்தியவும் சேத்து நசுக்கிப் போடுவனுங்க.”

நியாயமான கோபம்தான். பாயும் மன்னிப்புக் கேட்டார், தொட்டிக்கு வலை போட்டார். ஆனால் அடுத்த வாரமே ஒன்று சாம்பாரில் விழுந்தது. அண்ணன் கட்டட ஓனருக்குப் போன் போட்டுவிட்டார்.

ஓனர் வத்தலக்குண்டில் இருந்தார். வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் உடைய பெரியவர், அதிகம் பேச மாட்டார். வந்து பார்த்தார். நீலவேணியையும் பார்த்தார், அண்ணன் காட்டிய சாம்பாரையும் பார்த்தார். “பாய், வர்ற திங்கக்கெழம வாரேன். அன்னைக்கு இந்தப் பொட்டி இங்க இருக்கக் கூடாது. பொட்டியத் தூக்க முடியாதுன்னா கடையக் காலி பண்ணிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

இருபது வருஷத்துக்கு மேலாக இருந்த கடை. பாய் அன்று மத்தியானமே ஷட்டரை இறக்கினார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமே, அதற்கு என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டேன்.

“தூக்கக் கூடாதும்மா இப்ப,” என்றார். “இருபத்தஞ்சு நாளா அவ சாப்புடல. வயிறு கறுத்துருக்கு பாரு. சட்டை கழட்டப் போறா. வருசத்துக்கு ஒருக்கா பழைய தோல முழுசா உரிச்சு வெளிய வருவா. அந்த நேரத்துல உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆட்டுனா, கால் ஒடஞ்சு அங்கனயே செத்துப்போவா.”

பாய் போய் மாணிக்கம் அண்ணனிடம் நாலு நாள் தவணை கேட்டார். எனக்குத் தெரிந்து பாய் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“நாலு நாளும்பீங்க, நாலு மாசமாகுமுங்க. அந்த மண்ணுப் பொட்டியக் காட்டி எங்கள ஏமாத்துனவருதானுங்களே நீங்க,” என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ரஷீதாக்கா கடைக்கு வந்தார். ஒரு வருஷமாக அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாயிடம் சொன்னார். “கடையக் காலி பண்ணிக்கிருவோம்ங்க. பொட்டிய விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் மொதல்ல தூக்குவோம். வாயில்லாத சீவன், அது சோலிய அது முடிக்கட்டும்.”

பாய் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓனர் வந்தார். மாணிக்கம் அண்ணன் தன் மாஸ்டரையும் பரிமாறுகிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் மாடிப்படியில் நின்றேன். எல்லாரும் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றபோது, நீலவேணி மல்லாந்து கிடந்தாள். எட்டுக் காலும் வானத்தைப் பார்த்து விரிந்து கிடந்தன. அசைவே இல்லை.

ஓனர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். “அட, செத்துப்போச்சு பாய். போகட்டும் விடுங்க. நம்ம சொல்ல வேண்டிய சோலியே இல்லாமப் போச்சு.”

மாணிக்கம் அண்ணனின் முகம் மாறிவிட்டது. “நான் நசுக்குவேன்னு ஒரு பேச்சுக்குத்தானுங்க பாய் சொன்னேன்,” என்றார்.

பாய் மட்டும் உதட்டில் விரலை வைத்தார். “சாகல. செத்தா மல்லாக்கப் படுக்காது. காலெல்லாம் வயித்துக்கு அடியில மடங்கி, குப்புறக் கெடக்கும். இது சட்டை கழட்டப் படுத்துருக்கு. கீழ பாருங்க, படுக்குறதுக்குன்னே புதுசா வலை விரிச்சிருக்கா. ஓனரய்யா, எனக்கு ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க. அப்பறம் சாவியக் குடுத்துர்றேன். இப்ப யாரும் மேசைய ஆட்டாதீங்க.”

அப்போதுதான் மேசை லேசாக அதிர்வதை எல்லாரும் கவனித்தோம். பெட்டிக்குள் பாட்டில் மூடித் தண்ணீரில் சின்னச் சின்ன வளையம் வந்துகொண்டிருந்தது. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஸ்ஸின் கிரைண்டர் சாயந்திர தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தது.

பாய் சுவரைப் பார்த்தார். பிறகு மாணிக்கம் அண்ணனைப் பார்த்தார்.

அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். மாஸ்டரிடம் திரும்பி, “போயி கிரைண்டர நிறுத்துங்க” என்றார்.

“பாதி மாவுதாண்ணே அரைஞ்சிருக்கு.”

“நிறுத்துங்கன்னு சொன்னனுங்களே.”

மேசை அடங்கியது. நாங்கள் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. ஓனர், சாமான் கட்டக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பன்னிரண்டேகால் மணிக்கு, நீலவேணியின் தலைப்பக்கம் டப்பா மூடி மாதிரி திறந்துகொண்டது. உள்ளே ஏதோ வெளிறிய பச்சையில் பளபளத்தது. நான் மூன்றாவது படிக்கு இறங்கினேன்.

அப்புறம் கால்கள். ஈரமான இறுக்கிய சுடிதார் பேன்ட்டைக் கழற்றுவது போல, எட்டுக் காலையும் ஒரே நேரத்தில், கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி இழுத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு வந்தவர்கள் சாம்பார் கையோடு வந்து நின்றார்கள். யாராவது பேசினால் மாணிக்கம் அண்ணன் திரும்பி முறைத்தார். ஒருவருக்கு இருமல் வந்தது. அவரைத் தோளைப் பிடித்து அலுங்காமல் ரோட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

ஏழு கால் வெளியே வந்துவிட்டது. எட்டாவது வரவில்லை.

“ஏனுங்க பாய்,” அண்ணன் கிசுகிசுத்தார், “அந்தப் பின்னங்காலு மாட்டிக்கிச்சுங்களா?”

“ம்.”

“எதையாச்சும் வச்சு லேசா இழுத்து விடலாமுங்களா?”

“தொட்டா ஒடஞ்சிரும். அவளேதான் எடுக்கணும்.”

பாயின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தன. நீலவேணி இழுத்தாள், ஓய்ந்தாள். ஓய்வு நீண்டது. ரஷீதாக்காவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. நானும் எனக்குத் தெரிந்த மாதா ஜெபத்தைச் சொன்னேன். சிலந்திக்காக மாதாவிடம் கேட்கிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. அவள் இன்னும் ஒருமுறை உடம்பைச் சுருக்கி இழுத்தாள். கால் வந்துவிட்டது.

கைதட்ட முடியாது, பெட்டி அதிரும். மாணிக்கம் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார். அதைப் பார்த்து ஓனரும் சுற்றினார். துண்டு இல்லாதவர்கள் கர்ச்சீப்பைச் சுற்றினார்கள். சத்தமே இல்லாமல் இருபது முப்பது பேர் ஆளுக்கொரு துணியைச் சுற்றிக்கொண்டிருந்ததை, ரோட்டில் போன ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என்ன கட்சி என்று கேட்டார்.

சாயந்திரம் அவள் புரண்டு எழுந்து நின்றபோது அந்த நீலத்தைப் போல ஒரு நீலத்தை நான் எந்தப் பட்டுப்புடவையிலும் பார்த்ததில்லை. ஓனர் இரண்டு பஸ்ஸை விட்டிருந்தார். எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “பொட்டி இருக்கட்டும். கடையும் இருக்கட்டும். அந்தக் குதிக்கிற சனியன மட்டும் அடைச்சு வைங்க.”

மூன்று நாளில் பாய், சுவர்க்கோழிகளுக்கு ஸ்டீல் வலை மூடியோடு ஒரு கண்ணாடிச் சிறை கட்டினார். அதிலிருந்து இன்றுவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. ரஷீதாக்கா ஒரு பெரிய தட்டு நிறைய ரவையில் தம்ரூட் இனிப்பு செய்துகொண்டு வந்து ரோடு முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், “நீலவேணிக்குச் சொகமாயிருச்சு” என்றார். நீலவேணி யாரென்று தெரியாத சிலர் தாயும் சேயும் நலமா என்று விசாரித்தார்கள்.

உரித்த தோல் முழுசாகக் கிடைத்தது. அதைப் பாய் ஈரத்தில் இளக்கி, எட்டுக் காலையும் ஒழுங்காக விரித்துக் காயவைத்து, ஃபிரேம் போட்டு, மாணிக்கம் அண்ணனுக்கே கொடுத்தார். அண்ணன் அதை மெஸ் கல்லாவில் தன் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டார். அந்தப் படம் வந்த பிறகு மெஸ்ஸில் உட்கார இடமில்லை. சேவுகம்பட்டியிலிருந்துகூடச் சிலந்தியைப் பார்க்க வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை டீச்சர்கள் வரிசையாகக் கூட்டிவந்தால் பாய்க்கு முன்பாக அண்ணன்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளக்கம் சொல்வார். “பின்னங்காலு மாட்டிக்கிச்சுங்க. நாங்கெல்லாம் பக்கத்துலயே இருந்தமுங்க.” கிரைண்டரை அவர்தான் நிறுத்தினார் என்பதும் அந்த விளக்கத்தில் கட்டாயம் வரும். திங்கட்கிழமைகளில் ஓனர் வாடகை விஷயமாக வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

பல் டாக்டரே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “பாய், என்கிட்ட இருக்குறது எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு. உங்க வீட்டுப் பொண்ணுதான் வெளிய வந்து நிக்குது” என்று ஒப்புக்கொண்டார். பாய் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆனால் அந்தச் சுவரில் அன்று எதுவும் கோணலாக இருக்கவில்லை. நான் பார்த்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஊரில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை மாலைகளில் அந்தப் பக்கம் போனால், பாய் பெட்டிக்கு நேரே ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார். நான் ஏதாவது கேட்பேன். வலை எதற்கு, தண்ணீர் எவ்வளவு, அடுத்த சட்டை எப்போது. எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியும். ஆனால் அவர் கண்ணாடி அறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “வா சொல்றேன்” என்று ஆரம்பிப்பாரே, அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடுகிறது.